பட்டாளத்தை விழுங்கிய பூதம்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது எங்கள் பெண்கள் பள்ளிக்கூடம். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தையல் வகுப்பு. எல்லாரும் கைக்குட்டைக்கு ஓரம் தைக்கும்போது ஒருத்தி கதை சொல்ல வேண்டும் என்பது டீச்சர் வைத்திருந்த வழக்கம். என் தையலைப் பார்த்தபிறகு அந்த வேலையை எனக்கே கொடுத்துவிட்டார். எனக்கோ நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

ஒரு வாரம் நான் சொன்ன கதையில் ஒரு மந்திரவாதியும் அவன் வளர்த்த பூதமும். எதிரே ராஜாவின் பட்டாளம், பத்தாயிரம் பேர். யார் ஜெயிப்பார்கள் என்று வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. பூதத்தின் கட்சியில்தான் சத்தம் அதிகம். நானும் பூதத்தின் வாயைத் திறந்து பத்தாயிரம் பேரையும் உள்ளே போட்டேன். மணி அடித்தது.

தலையைத் தூக்கினால், பக்கத்தில் இருந்த என் சிநேகிதியைக் காணோம். கடைசி வரிசைக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமையும் அங்கேதான் உட்கார்ந்தாள். எனக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். சாப்பாட்டு வேளையில் மெதுவாகப் பக்கத்தில் போய், "என்மேல என்னடி கோவம்?" என்றேன்.

"எங்கண்ணன் பட்டாளத்துல கீறான்னு உனக்குத் தெரியாதா? கடுதாசி வந்து ரெண்டு மாசமாவுது. எங்கம்மா சரியா சோறு துன்றதில்ல. நீ பாட்டுக்கு அல்லாரையும் பூதத்துக்குப் போட்டுக்கினு கீற."

தரையைப் பார்த்துக்கொண்டே, "அது முழுங்கத்தான்டி முழுங்கிச்சு. மெல்லலையே" என்றேன்.

அவள் யோசித்தாள். "அப்போ உள்ள உசுரோட கீறாங்களா?"

"இருக்காங்க. உங்கண்ணனுக்குப் பட்டாளத்துல என்ன வேலை?"

"சமையலு. எரநூறு பேருக்கு வெங்காயம் உரிக்கிறானாம்." சொன்னாளே தவிர, இடம் மாறி வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூதத்தின் வயிற்றுக்குள் பட்டாளம் கூடாரம் அடித்தது. பத்தாயிரம் பேர் சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கினார்கள். பூதத்துக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மலையை நகர்த்துகிற மந்திரவாதிதான். வெங்காயத்துக்கு அவனிடம் மந்திரம் இல்லை. உள்ளே மிளகாயைத் தாளித்ததும் பூதம் தும்மத் தொடங்கியது. தும்மலுக்கு நூறு பேராக வெளியே விழுந்தார்கள். டீச்சர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மந்திரவாதிக்கும் ஒரு சமையல்காரன் குடுத்திருக்கணும் டீச்சர். இது அழுகுணி ஆட்டம்" என்றாள் பூதத்தின் கட்சிக்காரி ஒருத்தி.

"ஒண்டிக்கட்டைக்கு ஏதுடி சமையல்காரன்?" என்றாள் இன்னொருத்தி.

கடைசி வரிசையிலிருந்து என் சிநேகிதியின் குரல் வந்தது. "சமையக்காரரு வெளிய வந்துட்டாரா?"

அன்றைக்குத்தான் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னேன். "வந்துட்டார். அண்டா குண்டானெல்லாம் கழுவி எடுத்துக்கிட்டு, எல்லாருக்கும் கடைசியா வந்தார்."

"அப்படித்தான் வருவான். எங்கண்ணனுக்கு எல்லாத்துலயும் நிதானம்" என்றாள். கைக்குட்டையையும் நூல்கண்டையும் வாரிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, "தள்ளிக் குந்துடி" என்றாள்.