கத்தியில்லாத சேத்தாள்

எண்பதுகளின் நடுவில் பழவேற்காட்டில் ஒரு மீன் ஷெட்டில் ஐஸ் உடைத்துப் பெட்டி கட்டும் வேலையில் இருந்தேன். முதலாளியின் தம்பி சரக்குக் கப்பலில் எலக்ட்ரீசியன். அவரைக் கப்பல் பாய் என்போம். ஒரு மழைக்காலத்தில் விடுப்பில் வந்தவர், எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு ஆங்கிலப் புத்தகங்களும், நாலு முகம், பத்து முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் இருந்தன.

நாலு பேர் இல்லாமல் அதை ஆட முடியாதாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஷெட் மாடியில் உட்காருவோம். சுத்து வலை வைத்திருக்கும் ஒரு அண்ணன், பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒருவர், பாய், நான். நாலாவது ஆளாக வேறு யாரும் கிடைக்காததால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பாய் கதை சொல்வார். காடு, கோட்டை, குகை, பூதம் எல்லாம் வரும். நாங்கள் மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு ஆள். "இப்ப நீ இன்னா செய்யப் போறே?" என்று கேட்பார். சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். புத்தகத்தில் வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்று நாலு வகை ஆட்கள் இருந்தார்கள். வலைக்கார அண்ணன் வீரன். கண்டக்டர் மந்திரவாதி. எனக்கும் ஒரு வீரனைக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் மூன்று தடவை செத்தேன். இன்னா செய்யப் போறே என்று கேட்டால் எனக்கு வாய் வராது. நான் யோசித்து முடிப்பதற்குள் பூதம் அடித்துவிடும்.

"உன் ஆளுக்கு இந்த வாட்டி பேரே வெக்காத. எப்படியும் போயிடுவான்" என்பார் வலைக்கார அண்ணன்.

நாலாவது வாரம் தண்ணீர் நிறைந்த ஒரு குகைக்குள் போனோம். அங்கே மந்திரம் செல்லாது என்றார் பாய். கண்டக்டர் மந்திரத்தால் ஏற்றிய விளக்கு அணைந்துவிட்டது.

"இருட்டு. இடுப்பளவு தண்ணி. அடியில சேறு. இன்னா செய்றீங்க?"

"திரும்ப வேண்டியதுதான்" என்றார் கண்டக்டர்.

"கையால தடவிப் போலாமே" என்றேன்.

வலைக்கார அண்ணன் சிரித்தார். "பாய், இவன் சேத்தாள் பாய். அதான் புத்தி அங்க போவுது."

அது உண்மைதான். எங்கள் ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்பார்கள். என் நைனாவுக்குப் பாடு கிடையாது. பாடு இல்லாதவர்கள் கழுத்தில் பறி என்னும் ஓலைக் கூடையை மாட்டிக்கொண்டு, தண்ணீரில் முழங்காலிட்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்களைத்தான் வலைக்காரர்கள் சேத்தாள் என்பார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் எட்டு வருஷம் நான் அதைத்தான் செய்தேன்.

பாய் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். "இந்த நாலு வகைதான் ஆடணும்னு இல்ல. புதுசா ஒரு வகை நாமளே கட்டிக்கலாம்னு போட்டிருக்கு. ஆனா விதி எழுதணும். ஒரு பலம் குடுத்தா ஒரு குறை குடுக்கணும். எழுதிக்கினு வா, பாக்கலாம்."

அந்த வாரம் முழுக்க எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் எழுதிய முதல் காரியம் அது. சேத்தாளுக்கு வெளிச்சம் வேண்டாம் என்று முதலில் எழுதினேன். அடுத்தது கால். ஏரியில் காலைத் தூக்கி வைக்கக் கூடாது. சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வால் முள்ளால் குத்திவிடும். காலை இழுத்து இழுத்து நகர்ந்தால் அது தானே விலகிப் போகும். ஆகவே சேத்தாள் காலை இழுத்து நடப்பான், தரையில் வைத்த எந்தப் பொறியும் அவன் காலுக்கு வெடிக்காது என்று எழுதினேன். குறைகளும் எழுதினேன். மற்றவர்கள் நடப்பதில் பாதி வேகம்தான் போவான். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கத்தி பிடிக்க முடியாது. கவசம் போட்டால் குனிய முடியாது, அதுவும் கூடாது. கடைசியில், கிடைக்கிற புதையலில் அவனுக்கு அரைப் பங்கு என்று எழுதி முடித்தேன்.

பாய் தாளைப் படித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைத்தார். "இத எந்த பலத்துக்கு ஈடா வெச்சே?"

அது எதற்கும் ஈடு இல்லை. சேத்தாள் என்றால் அப்படித்தான் என்று கை தானாக எழுதியிருந்தது.

"ஈடு இல்லாத குறை விதியில நிக்காதுபா" என்றார். பென்சிலை என்னிடமே கொடுத்தார். அந்த வரியை நானே அடித்தேன்.

வலைக்கார அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இருட்டுல பொருள் கண்டுபுடிக்கிறான்னா அது மந்திரம் பாய். மந்திரம்னா அந்தக் குகையில செல்லாது. நியாயம்தானே?"

"மந்திரம் இல்லண்ணே. கை" என்றேன்.

"அப்போ காட்டு."

பாய்க்கும் அது சரியென்று பட்டது. கையா மந்திரமா என்று ஏரியிலேயே பார்த்துவிடலாம், கை தேறினால்தான் சேத்தாள் ஆட்டத்தில் இருப்பான் என்றார். தேறாவிட்டால் மறுபடி வீரனாகச் சாக வேண்டியதுதான். மறுநாள் காலை நாலு பேரும் படகுத் துறைக்குத் தெற்கே போனோம். மழை வெள்ளம் கலந்து தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. நாலு கழி நட்டு ஒரு கட்டம் கட்டினார்கள். பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய பத்துப் பித்தளை நட்டுகளை பாய் அதற்குள் வீசினார். ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும் நேரம்தான் கணக்கு.

முதலில் வலைக்கார அண்ணனே இறங்கினார். "நான் ஏரியில பொறந்தவன்" என்றார். இரண்டு நட்டு கிடைத்தது. நண்டு கடித்து விரலில் ரத்தம் வந்தது. பாய் இறங்கி ஒன்றைக்கூட எடுக்காமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

எடுத்ததைத் திரும்ப வீசிவிட்டு என் கண்ணை பாயின் துண்டால் கட்டினார்கள். முழங்காலிட்டேன். கை இரண்டையும் விரித்துத் தரையோடு தரையாக வைத்து, உள்ளே வாங்கி, மறுபடி விரித்தேன். கல் ஒரு மாதிரி இருக்கும், சிப்பி ஒரு மாதிரி. பித்தளை வழவழவென்று குளிரும். எடுத்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன்.

"போதும். அணைஞ்சிட்ச்சி" என்றார் கண்டக்டர்.

எட்டு இருந்தது.

"பத்து முகப் பகடையில ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் விழுந்தா சேத்தாள் கண்டுபுடிப்பான்" என்றார் பாய், சேறு ஒழுக நின்றபடி. "விதி எழுதிக்க."

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி அதே குகை. அதே இருட்டு.

"இன்னா செய்றீங்க?"

"நான் முன்னாடி போறேன்" என்றேன். "எல்லாரும் என் தோளப் புடிங்க. யாரும் காலத் தூக்காதீங்க, இழுத்து வாங்க."

"எனக்கே ஆர்டரா?" என்றார் வலைக்கார அண்ணன். "என் வீரன் நேரா போவான் பாய். தோளெல்லாம் புடிக்க மாட்டான்."

"போவட்டும். பகடைய உருட்டு."

இரண்டடி போவதற்குள் அவருடைய வீரன் காலில் ஒரு இரும்புப் பல் கவ்வியது. பாதி உயிர் போயிற்று.

"அண்ணே, நகராதீங்க. நான் வரேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போல இருந்தது. பகடை மூன்று காட்டியது. அவரைக் கண்டுபிடித்து, பல்லைத் தடவி விரித்துக் காலை விடுவித்தேன். "இப்ப தோளப் புடிங்க."

பிடித்தார்.

அடுத்த தடவை ஒன்பது விழுந்தது. வழியில் இருந்த எதையோ என் கை தவறவிட்டது. பாய் உச்சுக்கொட்டினார். "உன் காலுக்கு நேரா ஒரு பொறி. தெரியாம மேல போறே."

"கால இழுத்துதான் போறேன் பாய். விதி இருக்கு."

பாய் தாளை எடுத்துப் படித்தார். "ஆமா. வெடிக்கல. பின்னால வர்றவங்களும் இழுத்துதான் வராங்க. யாருக்கும் வெடிக்கல."

மூன்றாவது தடவை ஆறு. சேற்றுக்கு அடியில் ஒரு இரும்பு வளையம் என் கையில் சிக்கியது. இழுத்தேன். தண்ணீர் முழுக்க வடிந்தது, எதிர்ச் சுவரில் கதவு திறந்தது என்றார் பாய். கண்டக்டர் மேஜையை ஓங்கித் தட்டியதில் பகடைகள் எல்லாம் தரையில் சிதறின. அவற்றைப் பொறுக்கும்போது அவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் பேச்சு.

அன்று புதையலைச் சரிசமமாக மூன்று பங்கு வைத்தார் பாய்.

எழுந்து போகும் நேரத்தில் வலைக்கார அண்ணன் தன் வீரனின் கத்தி, கவசம் எல்லாம் எழுதிய தாளை மடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், அடுத்த வாரம் என் ஆளையும் சேத்தாளா மாத்திக்கலாமா?"

"என்ன ஏன் கேக்கறே? கட்டினவன் அங்க கீறான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இன்னாபா செய்யணும்?"

"மொதல்ல கத்திய அடிங்கண்ணே."

அடித்தார். "அப்புறம்?"

"கவசம்."

"அது கெடைக்க நாலு வெள்ளிக்கெழம ஆச்சுபா."

"தெரியும்ணே" என்றேன். "அடிங்க."