இரண்டு லாரி, ஒரே கிணறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், முனைவர் பட்டம் முடிந்த கையோடு, அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தேன். மழை பொய்த்துப்போன வருஷம் அது. சென்னைக்குத் தண்ணீர் எந்தெந்த வழியாக வந்து சேருகிறது, அதில் ஓரிடம் அறுந்தால் யார் யார் தவித்துப்போவார்கள் என்பதைக் கணினியில் ஒரு கணக்கு மாதிரியாகக் கட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. தெருக்குழாய்கள் வறண்டு, ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் ஆஸ்பத்திரிகளும் தனியார் தண்ணீர் லாரிகளை நம்பியிருந்தன. அவை எங்கே நிரப்புகின்றன, எங்கே இறக்குகின்றன என்று வெயிலில் அலைந்து விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூர் வீட்டில் அப்பாவும் நானும்தான். அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், தி.நகரில் ஒரு நர்சிங் ஹோமில் வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் எப்போதும் ஒரு பாத்திரக்கடைக்காரர் இருப்பார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உடம்பின் ரத்தமெல்லாம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பிக்கொண்டிருக்க, இருவரும் தேர்தல் பற்றிச் சண்டை போடுவார்கள். அப்பா அந்த நாட்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தார் என்றுகூட எனக்குத் தோன்றும்.

டயாலிசிஸுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். அதை முதலில் சுத்திகரிக்க வேண்டும். சுத்திகரிக்கும்போது பாதிக்கு மேல் கழிவாக வெளியேறும். நர்சிங் ஹோமின் பின்பக்கம் ஒரு குழாய் அந்தக் கழிவை விடாமல் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தது. எதிர்ச் சாரியில் பெண்கள் காலிக் குடங்களோடு லாரிக்காக வரிசையில் நின்றார்கள். அந்த இரண்டையும் ஒருசேரப் பார்த்த அன்றுதான், இந்த இடத்தையும் என் மாதிரியில் சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

லாரி வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நர்சிங் ஹோம் மேலாளரிடம் கேட்டேன். "ரெண்டு சப்ளையர் வெச்சிருக்கோம் மேடம். ஒருத்தர் வரலன்னா இன்னொருத்தர் வந்துடுவார்" என்றார். நான் ஆராய்ந்த இடங்களில் அப்படி யோசித்து வைத்திருந்தவர்கள் குறைவு. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் வேளச்சேரிக்குப் போனேன். அப்போது அங்கே வயலும் ஏரியும்தான். ஒரு பெரிய கிணற்றைச் சுற்றி லாரிகள் நின்றன. மோட்டார் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. நர்சிங் ஹோமுக்கு வரும் இரண்டு கம்பெனிகளின் வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதைப் பார்த்து, ஒரு டிரைவரிடம் தினமும் இப்படித்தானா என்று விசாரித்தேன்.

"எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் இங்கதாம்மா புடிச்சிக்கினு போவுது. சுத்திக் கீற கெணறுலாம் உப்பாயிடுச்சு" என்றார்.

கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாக்கின் ஓரத்தில் பிறகு கரித்தது.

அந்த உப்பை மாதிரியில் சேர்த்தபோதுதான் விபரீதம் புரிந்தது. தண்ணீர் உப்பாக ஆக, சுத்திகரிக்கும்போது கழிவு கூடும். கழிவு கூடினால் இன்னும் லாரிகள் வேண்டும். இன்னும் இறைத்தால், அருகிலிருந்த சதுப்பு நிலத்தின் பக்கமிருந்து உப்பு இன்னும் வேகமாக நகர்ந்து வரும். திரையில், நர்சிங் ஹோமுக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீரின் அளவைக் காட்டும் கோடு கொஞ்ச தூரம் சாதாரணமாகப் போய், பிறகு செங்குத்தாக விழுந்தது. எண்களை மாற்றிப் போட்டேன். விழும் இடம் சற்றுத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் பார்த்துவிட்டு, மாதிரி சொல்வதெல்லாம் நடந்தே தீர வேண்டும் என்றில்லை, பதற வேண்டாம் என்றார். அவரும் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நர்சிங் ஹோமுக்குப் போய் இதைச் சொன்னேன். மேலாளர் காபி வரவழைத்துப் பொறுமையாகக் கேட்டார். சுத்திகரிக்கும் இயந்திரத்தில் உப்பை வடிகட்டும் சவ்வை இப்போதுதான் மாற்றியிருப்பதாகச் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பியவர், நோயாளிகளிடம் இதைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேறு திசையிலிருந்து தண்ணீர் வருவதை ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். அங்கே மாறிவிடலாம் என்றேன். அப்பா, "நீ சொல்றது சரின்னா பக்கத்துக் கட்டில்காரர்கிட்டயும் சொல்லிடு. நாம மட்டும் எழுந்துண்டு போனா நன்னா இருக்காது" என்றார்.

பாத்திரக்கடைக்காரர் நான் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். "நீ சொல்லுதது வெளங்குதும்மா. ஆனா இந்த டாக்டரு என்னைய ஒருக்கா சாவுல இருந்து இழுத்துட்டு வந்தவரு. அவர விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றார். என் மேல் கோபமில்லை என்று காட்டத்தான் போலும், அப்பாவோடு மறுபடி தேர்தல் பேச்சைத் தொடங்கினார்.

அப்பாவை மாற்றினேன். புது இடத்தில் அவர் யாரோடும் பேசவில்லை.

கோடை முற்றியது. தி.நகரில் லாரிகள் தாமதமாக வருவதாகவும், உப்பு மிகுந்து இயந்திரங்கள் அடிக்கடி அபாய மணி அடித்து நின்றுபோவதாகவும் கேள்விப்பட்டோம். எல்லோருக்கும் டயாலிசிஸ் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அப்பா தொலைபேசியில் கேட்டபோது, சீக்கிரம் கடைக்குத் திரும்ப முடிகிறது, நல்லதுதானே என்று கடைக்காரர் சிரித்தாராம். அவருக்கு மூச்சு வாங்கியது தொலைபேசியிலேயே தெரிந்தது என்றார் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவருடைய மகன் அடையாறுக்கு என்னைத் தேடி வந்தார். மொட்டையடித்த தலையோடு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "அக்கா, அப்பா போனது அந்தத் தண்ணியாலயா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்."

அவர் அழவில்லை. அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம் என்றார். எழுந்து கதவுவரை போனவர் திரும்பி, "அங்க இன்னும் ஆளுங்க வந்துக்கிட்டுத்தானே இருக்காங்க" என்றார்.

மறுநாள் இருவரும் நர்சிங் ஹோம் வாசலில் நின்று, வந்தவர்களின் வீட்டாரிடம் ஒவ்வொருவராகச் சொன்னோம். சிலர் அன்றே வேறு இடம் தேடத் தொடங்கினார்கள். ஒரு பெண்மணி, தன் கணவரைப் பயமுறுத்துகிறேன் என்று என்னைத் திட்டினார். காவலாளி வந்து எங்களைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. லாரிகள் குறைந்தன. எல்லோரும் மறந்தார்கள். அப்பா மேலும் சில வருஷங்கள் இருந்தார். பெய்த மழையைச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். நல்ல தண்ணீர் மேலாக மிதக்க, உப்பு அடியில் அப்படியே இருந்தது. கோடு சில வருஷங்கள் தள்ளி மறுபடி விழுந்தது.

ஆய்வு முடியும் சமயத்தில் கடைசியாக ஒருமுறை வேளச்சேரிக்குப் போனேன். வயல்களில் மனைக்கற்கள் நட்டிருந்தார்கள். ஒரு கணவனும் மனைவியும் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். என் கையில் சோதனைக்காகப் பிடித்த தண்ணீர் பாட்டில்களைப் பார்த்து, இங்கே தண்ணீர் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண் கேட்டாள். தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையசைத்துவிட்டு, டேப்பின் நுனியை அடுத்த கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனார்.