முதலாளிக்கு ஒரு செம்பு தண்ணீர்

பூநகரி பஸ்ஸில் கண்டக்டர் தம்பி சீட்டுக் கிழிப்பதை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்தான். "அண்ணை, எங்கட தண்ணி ஒபிஸ் லெட்சுமி மிஸ் முடிஞ்சு போனா. வவுனியா ஆசுப்பத்திரியிலை. செங்கமாரியாம், கண்ணெல்லாம் மஞ்சளாம்." மடியில் இருந்த மரக்கறிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். தக்காளி முழுவதும் கூழாகிவிட்டது. மற்ற நாளென்றால் வீட்டுக்காரி என்னையும் கூழாக்கியிருப்பாள். அன்று அவளும் அழுதாள்.

சில நாளில் அடுத்த செய்தி வந்தது. வாசிகசாலையில் நாங்கள் வைக்கும் முப்பத்தோராம் நாள் கூட்டத்தில் மணல் முதலாளியும் அஞ்சலி உரை ஆற்றப்போகிறாராம். என் அழுகை அந்த இடத்திலேயே காய்ந்துபோனது. அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். பெயர் அச்சில் வருவது அவருக்கு மிகவும் பிடிக்கும்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கையில் ஒரு பெட்டியோடு கிளிநொச்சிக்கு வந்த குடும்பம் லெட்சுமியுடையது. படித்து, நீர்த் திட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அறிய எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே கொம்பியூட்டர் அங்கேதான், குளிரூட்டிய அறைக்குள் இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன்.

"செருப்போட வாங்கண்ணே, அது சாமி இல்ல."

"இது கதைக்குமோ பிள்ளை?"

"நீங்க பேசுறதே போதும்ணே."

மாதாமாதம் எங்கள் ஊர்க் கிணறுகளின் தண்ணீரைப் போத்தல்களில் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. முதல் முறை வீட்டில் கிடந்த சாராயப் போத்தல்களில் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்தவள், "இந்தக் கிணறு எங்கண்ணே இருக்கு? ஊரே அங்க குடியேறிடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். தண்ணீரின் உப்பை அவள் அளந்து கொடுக்க, கொம்பியூட்டர் ஊரின் படத்தில் உப்பு எங்கே நிற்கிறது என்று கோடு கீறும். மற்ற இடமெல்லாம் கோடு கடற்கரையோடு நின்றது. முதலாளியின் லொறிகள் மணல் திட்டியை அள்ளிய இடத்துக்கு நேரே மட்டும் ஊருக்குள் புகுந்தது. மழை நீரைத் தன்னடியில் தேக்கிக் கடலை மறித்து நின்றது அந்தத் திட்டிதான். இப்படியே அள்ளினால் வருகிற பங்குனித் திருவிழாவுக்குள் கோயில் கிணறு உப்பாகும் என்று கணக்கு வந்தது. ஊர் முழுவதும் குடித்த கிணறு அது. என் மூன்று பிள்ளைகளும் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்கள்.

லெட்சுமி படத்தோடு ஊர்க் கூட்டத்துக்கு வந்தாள். முதலாளி கதிரையை விட்டு எழும்பவே இல்லை. "தோட்டத்தாலை வந்த பெட்டையும் அவளின்ரை பெட்டியும் எங்களுக்குப் படம் காட்டுதுகள். அந்தக் கிணறு உப்பானால் முதல் செம்பை நானே குடிக்கிறன்!" சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. துணிவென்று நினைக்காதீர்கள், வாய் நிறைய வெற்றிலை.

வெளியே வந்ததும் எனக்கு வீரம் வந்தது. "லொறிக்குக் கல்லெறிவமோ பிள்ளை?"

"மிஷின் கணக்குப் போடும்ணே, அதுக்குக் கோவம் வராது. கோவத்த நாமதான் கெட்டுப்போகாம வச்சிருக்கணும்."

மாசியில் ஒரு காலை என் சின்னவள் தேத்தண்ணியைத் துப்பிவிட்டு, "அம்மா சீனியெண்டு உப்பைப் போட்டிட்டா" என்று அழுதாள். அம்மா போடவில்லை.

திருவிழாத் தண்ணீர்ப் பந்தல் அந்த ஆண்டு முதலாளியின் உபயம். கிளிநொச்சியிலிருந்து பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் எடுப்பித்திருந்தார். உபயகாரர் முதல் செம்பைக் குடித்துப் பந்தலைத் தொடக்கி வைப்பது எங்கள் கோயில் வழக்கம். செம்பை நீட்டும் வேலையை லெட்சுமி எனக்குத் தந்தாள். சன நெரிசலில் பாதி சிந்திவிட்டது, மீதி போதுமாயிருந்தது. ஒரு மிடறு விழுங்கியவரின் கண் பிதுங்கியது. எதிரே சுவாமி, சுற்றிலும் சனம். துப்ப முடியாது.

"என்ன தண்ணியடா இது?"

லெட்சுமி ஒலிவாங்கியின் முன் நின்று பணிவாகச் சொன்னாள்: "ஐயா கேட்ட கோயில் கிணத்துத் தண்ணிதாங்க. மிஷின் மறக்கல."

இந்த முறை சபை வேறு ஆளைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த நாள் மணல் ஏற்ற ஒருவரும் போகவில்லை. லொறிகள் வெறுமையாகத் திரும்பின. கிணறு மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துச் சனத்துக்குக் குடியுரிமையே இல்லை, இவளுக்கு அரசாங்க வேலையா என்று மேலிடத்துக்குச் சொல்லி அவளை அந்த அறையிலிருந்து இறக்கினார். கொம்பியூட்டருக்கு உறை போட்டார்கள். லெட்சுமி வவுனியாவில் ஒரு கடையில் துணி அளந்தாள். நான் காணப் போனபோது, "கோவம் இருக்காண்ணே?" என்று கேட்டாள். சுகம் விசாரிப்பதுபோல் கேட்டாள்.

இருக்கிறது, பிள்ளை. உன் கணக்கு என் தலைக்குள் ஏறாது, படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவன் நான். நீ தந்தவற்றில் எனக்கு வைத்துக்கொள்ளத் தெரிந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அது கெட்டுப்போகவில்லை.

கூட்டத்தில் பேச்சாளர்களுக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கியிருக்கிறேன். கோயில் கிணற்றில் அள்ளியாயிற்று. முதலாளி நெடுநேரம் பேசுவார், தொண்டை வறளும். இந்த நினைவு மலர் கூட்டம் முடிந்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். அதற்குள் அவர் குடித்திருப்பார்.