எஸ்தரின் ஈமெயிலைக் கர்த்தர் திறந்தார்

என் மனைவி எஸ்தர் குவைத்தில் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தாள். அவளை வெளியே கொண்டுவரத் தேவையான விவரமெல்லாம் ஒரு ஈமெயிலுக்குள் இருந்தது. அந்த ஈமெயிலைத் திறக்க எனக்கு வழி தெரியவில்லை. 2005ஆம் ஆண்டு என் நிலைமை இதுதான். அதிலிருந்து கர்த்தர் எங்களைத் தூக்கிவிட்ட கதையை விசுவாசிகளாகிய உங்களிடம் தலை நிமிர்ந்து சொல்கிறேன்.

நான் கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சபையில் டோலக் வாசிப்பேன். எஸ்தர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெண். எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வாள். வெளிநாடு போகும் முன்பே சபையில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், தானே ஒரு ஈமெயில் கணக்குத் திறந்தாள். இரண்டு பேருக்கும் அந்த ஒரு கணக்குதான். குவைத்தில் அவள் வீட்டு வேலை செய்த இடத்தில் முதலாளியின் மகள் இரக்கப்பட்டுத் தன் கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது, எஸ்தர் அந்தக் கணக்குக்கே எழுதி வைப்பாள். நான் ஹட்டனில் போனும் இன்டர்நெட்டும் உள்ள ஒரு கம்யூனிகேஷன் கடையில் திறந்து வாசிப்பேன்.

ஒப்பந்தம் முடிந்தும் அந்த வீட்டார் அவளை ஊருக்கு அனுப்பவில்லை. போன் பேசவும் தடை. அனுப்பிய ஏஜென்சியைத் தேடிப் போனால் கடை பூட்டியிருந்தது. கொழும்பில் வெளிநாட்டு வேலைக்கான அரசு அலுவலகத்தில் ஓர் அதிகாரியைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். "அவங்க இருக்கிற வீட்டு விலாசமும் பாஸ்போட் பிரதியும் கொண்டுவாங்க, தூதரகத்துக்கு அறிவிக்கிறோம்" என்று சிங்களத்தில் சொன்னார். என்னிடமிருந்த விலாசம் பழையது. அந்தக் குடும்பம் வேறு வீட்டுக்குப் போயிருந்தது.

அந்த வாரம் ஜெபக் கூட்டத்துக்குப் போனபோது பாஸ்டர் வீட்டுப் போன் அடித்தது. எஸ்தர்தான். மூச்சு வாங்கப் பேசினாள்.

"என்னங்க, விலாசம், பாஸ்போட் எல்லாம் ஈமெயில்ல போட்டுட்டேன். மேடம் பார்த்துருவாங்கன்னு பாஸ்வேர்டை மாத்திட்டேன். புதுசு என்னன்னா..."

போன் அறுந்துவிட்டது. அதன் பிறகு அழைப்பே இல்லை.

மறுநாள் ஹட்டனுக்கு ஓடினேன். கம்யூனிகேஷன் கடையை நடத்திய கௌரி, பஜாரில் துணிக்கடை வைத்திருந்த செட்டியார் வீட்டு மருமகள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ஒரு கேள்வி வரும், அதற்குச் சரியான பதில் சொன்னால் திறக்கும் என்றாள். எஸ்தரின் பிறந்த தேதியைப் போட்டதும் கேள்வி வந்தது. கௌரி தமிழில் சொன்னாள்: "உங்க துணைவரை முதன்முதல்ல எங்க சந்திச்சீங்க?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பெண் பார்க்கப் போனது நோட்டனுக்குத்தானே. போடச் சொன்னேன். தவறு என்றது. நோட்டன் பிரிட்ஜ் என்று போட்டோம். சேர்த்து எழுதினோம், பிரித்து எழுதினோம். கடைசியில் கணக்கே பூட்டிக்கொண்டது.

"இன்னைக்கு இனி விடாது அண்ணே. நல்லா யோசிச்சிட்டு நாளைக்கு வாங்க" என்றாள் கௌரி.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். கல்யாணம் கட்டிய எனக்கே பதில் தெரியவில்லை. வேறு யாரிடம் கேட்பது?

வீட்டுக்குப் போக மனமில்லாமல் நேரே சபைக்குப் போனேன். யாரும் இல்லை. முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அந்தப் பாஸ்வேர்டைக் காட்டும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்டுக் கேட்டு வார்த்தை வற்றிப் போயிற்று. அப்போது உள்ளுக்குள் ஏதோ என்னைத் திருப்பியது. கேட்பதை விட்டு, எஸ்தருக்காக நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவள் தைரியத்துக்காக நன்றி. அவள் சமைத்த சோற்றுக்காக நன்றி. கல்யாணமான புதிதில் அவள் என்னைக் கேலி செய்ததற்காகக்கூட நன்றி.

அதைச் சொன்னதும் அவளுடைய அந்தக் கேலி காதருகே கேட்டது போல இருந்தது. "நீங்க என்னைப் பொண்ணு பார்க்க வர்றதுக்கு முந்தியே நான் உங்கள பார்த்திட்டேன். பொல்பிட்டியவுல கூட்டத்துக்கு வந்தீங்க. டோலக்கு கயிறு இறுக்கித் தாங்கன்னு என்கிட்டதான கேட்டீங்க. மறந்துட்டீங்களா?"

உண்மையில் மறந்துதான் போயிருந்தேன். அவள் மறக்கவில்லை.

மறுநாள் கௌரி பொல்பிட்டிய என்று ஆங்கிலத்தில் அடித்தாள். ஒரு கணம் திரை வெள்ளையாக நின்றது. பிறகு புதுப் பாஸ்வேர்டு போடச் சொல்லிக் கேட்டது.

"உங்க சாமி கேட்டிருச்சு அண்ணே" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

உள்ளே எஸ்தர் எழுதியிருந்தாள்: "என்னங்க, நான் அழுவல, நீங்களும் அழாதீங்க. பக்கத்து வீட்டுல பதுளைப் பொண்ணு ஒண்ணும் இதே மாதிரி மாட்டியிருக்கு. அதோட விவரமும் சேர்த்து அனுப்புறேன். ரெண்டு பேரையும் சேர்த்துக் கேளுங்க."

அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் கழுத்துக்குத் தண்ணீர் வந்த வேளையில் இன்னொருத்தியையும் கைபிடித்துக்கொண்டு நிற்கிறாள் என் மனைவி.

விவரங்களை அச்செடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். அதிகாரி வாசித்துவிட்டு, "உங்க மனைவி கெட்டிக்காரி" என்றார். ஆமாம் என்றேன். தூதரகத்திலிருந்து ஆட்கள் போனார்கள். கிறிஸ்மஸுக்கு முன்பே இரண்டு பெண்களும் ஒரே விமானத்தில் வந்து இறங்கினார்கள். பதுளைப் பெண்ணின் அம்மா விமான நிலையத்தில் எஸ்தரின் கையைப் பிடித்தவர், வெகுநேரம் விடவில்லை.

இப்போது சபையின் கம்ப்யூட்டர் வகுப்பை எஸ்தர்தான் நடத்துகிறாள். வெளிநாடு போகும் பெண்கள் தோட்டம் தோட்டமாக அவளைத் தேடி வருகிறார்கள். "பாஸ்போட் பிரதியை ஈமெயில்ல போட்டு வைங்க, வீட்டுல ஒருத்தருக்காவது திறக்கச் சொல்லிக் கொடுங்க" என்று சொல்லித்தான் ஜெபம் பண்ணி அனுப்புவாள். ஸ்டேஷனில் யாராவது என்னைப் பார்த்து, "எஸ்தர் டீச்சர் வீட்டுக்காரரா?" என்று கேட்டால், எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேண்டாம்.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஏதோ ஒன்று பூட்டிக்கொண்டிருக்கலாம். கேட்டுக் களைத்துப்போனால், கொஞ்சம் நன்றி சொல்லிப் பாருங்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வாருங்கள், நாங்கள் இருவரும் உங்களோடு உட்கார்ந்து ஜெபிக்கிறோம். எஸ்தர் ஜெபிக்க ஆரம்பித்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். பஸ்ஸுக்கு நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.