ஐந்து நாற்பதுக்கு ஆடும் கை

நம்பாவிட்டால் போகட்டும், பிள்ளைகளே. ஆனால் இது என் இடது கைக்கு நடந்தது. அந்தக் கை இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

2022, மின்வெட்டுக் காலம். எனக்குப் பாரிசவாதம் வந்து, இடது பக்கம் விழுந்து எட்டு மாதம். இடது கையில் சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் நடந்து காட்டாவிட்டால், மடவளையில் நான் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போவதாக மகள் ரபீகா சொல்லிவிட்டாள். அதனால்தான் கட்டுகஸ்தோட்டையில், ஒரு கடையின் மேல்மாடியில் இருந்த நடை மெஷினில் ஏறினேன். அங்கே நடை பழக்கியவள் றிஸானா.

"உம்மா, முக்காட்ட உடுங்க. ஊசி குத்தித்தானே இருக்கு, ஓடிப் போகாது."

"அறுபது வருசப் பழக்கம் புள்ள."

"ஒரு கை முக்காட்டுல, மத்தது தொங்கிக்கிட்டு... சாயாம என்ன செய்யும்? வலது கால் போனா இடது கை போகணும். காலப் பாக்காதீங்க, முன்னுக்குப் பாருங்க."

செவ்வாய்க்கிழமை, பின்னேரம். றிஸானா தண்ணீர் எடுக்கக் கீழே போனாள். வலது கையை முக்காட்டிலிருந்து எடுத்தேன். டப்... டப்... சாயவில்லை.

ஐந்து நாற்பது. தலைக்கு மேல் ஓடிய காற்றாடி நின்றது.

மெஷின் நிற்கவில்லை.

எதிரே கண்ணாடி. அதில் என் இடது கை ஆடியது. முன்னால்... பின்னால்... அளவாக.

நான் ஆட்டவில்லை.

முழங்கையில் குளிர். எட்டு மாதத்தில் அந்தக் கைக்குத் தெரிந்த முதல் விஷயம். இரண்டு விரல் பிடி.

டப்... டப்... என் காலுக்குப் பின்னால் இன்னொரு கால்.

கண்ணாடியில் நான் மட்டும்.

பயம்கூட வரவில்லை. மனமும் மரத்துவிட்டது. நடந்தேன்.

ஐந்து ஐம்பது. மெஷின் நின்றது.

வாசலில் றிஸானா. முகம் வெளுத்திருந்தது.

"கரண்ட் போய்ப் பத்து நிமிசம் உம்மா... இது எப்படி ஓடிச்சு?"

அடுத்த வாரம், அந்தப் பழைய மெஷினை விற்ற, கம்பளை ஊரில் இருக்கும் வீட்டுக்கு அவள் போன் எடுத்தாள். முத்துலிங்கம் என்பவரின் வீடு. அவர் மகள் யசோதா பேசினாள்.

"அப்பாவுக்கும் பாரிசவாதங்க. அம்மாதான் தினமும் முழங்கையப் புடிச்சு அதுல நடக்க வைப்பாங்க. அம்மா செத்து ஒரு வருசம். அப்பா படுத்துக் கெடந்தாலும், சரியா அஞ்சு நாப்பதுக்கு அந்தக் கை தானா ஆடும்..."

"இப்பவுமா?"

"இல்லீங்க. போன செவ்வாயோட நின்னுருச்சு."

எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் நடந்து காட்டினேன்; ரபீகா என்னை மடவளை வீட்டிலேயே தனியாக விட்டுவிட்டாள். நான் கேட்டது அதுதானே.

இதை வலது கையால் எழுதுகிறேன், பிள்ளைகளே. மணி ஐந்து நாற்பத்தொன்று.

இடது கை... ஆடிக்கொண்டிருக்கிறது.