கண்ணீரைவிடக் கம்மியாக உப்பு

இன்று பொன்னேரி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண், மடியில் பேதியில் வாடிய குழந்தை. பாட்டில் தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கி, முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"நீ ஏம்மா குடிக்கிற?" என்றேன்.

"கண்ணீரவிடக் கம்மியா கரிக்கணும்மா. எங்க அத்தை சொல்லிக் குட்த்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் பாடம்!

எண்பதுகளில் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்களுக்குக் குழந்தைகளுக்கான அவசர முதலுதவி சொல்லிக்கொடுத்த நர்ஸ் நான். "ஒரு சிட்டிகை உப்பு" என்றேன். கருவாடு போடும் கமலா ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டார்.

"இன்னா நர்சம்மா, எங்க கைக்கு இதான் சிட்டிகை."

அவ்வளவு உப்பு குழந்தையைக் கொன்றுவிடும். அளவை விட்டுவிட்டு ருசியைப் பிடித்தேன். "கண்ணீர் ருசி தெரியுமில்ல? அதவிடக் கம்மியா இருக்கணும்."

"அது நல்லாத் தெரியும்மா" என்றார் கமலா. முதல் குழந்தையைப் பேதியில் பறிகொடுத்தவர்.

இன்று கேட்டேன்: "உங்க அத்தை பேரு கமலாவா?"

"ஆமா, உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"இப்பவாவது உப்பு அளவாப் போடுறாங்களா?"

"கொயந்தைங்களுக்குன்னா கரெக்டா போடும். எங்க கொழம்புலதான் இன்னிக்கும் ஒரு பிடி."

உங்கள் வீட்டுச் சிட்டிகை எவ்வளவு?