பர்மாவுக்குப் போகவில்லை என்று சொன்னவர்கள்

அன்று பேரருவிக் கரைக்கு வந்தவர்கள் இவர்கள்.

என் தங்கச்சி புருஷன். எனக்கு அத்தை மகன். பட்டாளத்தில் என்னோடு ஒரே கம்பெனி. மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

தென்காசி பாய். கம்பெனியில் டெய்லராக இருந்தவர். இப்போது கடைத்தெருவில் ஒரு மிஷின் போட்டிருந்தார்.

இலஞ்சி ஹவில்தார் அண்ணாச்சி. எங்கள் மூன்று பேருக்கும் மேலே இருந்தவர்.

மனு எழுதுகிறவர். தென்காசி தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காருகிற ஆள்.

என் தங்கச்சி. அவள் கிட்டே வரவில்லை. பெண்கள் துணி மாற்றுகிற பக்கம் தனியாக நின்றாள்.

நான். அருவியில் காவல் வேலை. கழுத்தில் விசில்.

ஆடி மாதம். நல்ல சீசன். தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. நிறம் மாறினாலும், மேலே இருந்து இலையும் சுள்ளியும் வந்தாலும் விசில் அடிக்க வேண்டும். ஆட்களை இழுத்து வெளியே விட வேண்டும். அதனால் என்னிடம் பேச வருகிறவர்கள் என் காதோடுதான் பேசிப் போவார்கள். அன்றும் அப்படித்தான். அவர்கள் பேசினார்கள். நான் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்த காரியம் இது. பண்பொழிக்கு மேற்கே மலையடியில் இருந்த புறம்போக்கைப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். சண்டை நடந்த இடத்துக்குப் போனவர்களுக்கு முதலில். மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு. சண்டைக்குப் போனதற்கு அத்தாட்சி டிஸ்சார்ஜ் புத்தகம். அதில் மெடல் எழுதின பக்கம்.

என் புத்தகத்தில் நான்கு மெடல் இருந்தது. ஆனால் சர்க்கார் வேலையில் இருக்கிறவனுக்கு நிலம் கிடையாது. அவர்கள் மூன்று பேர் புத்தகத்திலும் ஒன்றே ஒன்று. ஊரிலேயே உட்கார்ந்து சம்பளம் வாங்கினவனுக்கும் கொடுத்தார்களே, அந்த மெடல். பர்மா போனவனுக்குக் கொடுக்கிற பர்மா ஸ்டார் இல்லை.

நாங்கள் நாலு பேரும் பர்மாவில் ஒன்றாகத்தான் இருந்தோம். ரோடு போடுகிற கம்பெனி. கல் சுமந்தோம், மரம் வெட்டினோம், மேலே இருந்து குண்டு விழுந்தால் அந்த ரோட்டு ஓரத்திலேயே படுத்துக்கொண்டோம். ஒரு காய்ச்சல் நாலு பேருக்கும் வந்தது.

புத்தகத்தில் ஏன் இல்லை என்றால் அதற்குக் காரணம் பங்குனி உத்திரம்.

சண்டை முடிந்து எங்களை வீட்டுக்கு அனுப்ப ஒரு முகாமில் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் கம்பெனி காகிதப் பெட்டி வரும் வழியில் ஆற்றோடு போய்விட்டது. அதனால் கிளார்க் ஒவ்வொருவனையும் வாயால் கேட்டு எழுதினான். பர்மா போனேன் என்று சொன்னால் ரத்தத்தில் காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் போக ஒரு மாதம் ஆகும் என்று முகாமில் பேச்சு. உத்திரத்துக்கு அப்போது பத்து நாள்கூட இல்லை. உத்திரத்தன்று தன் குலசாமியான சாஸ்தா கோயிலில் போய் நிற்காதவனை எங்கள் பக்கத்தில் ஒரு ஆளாக எண்ண மாட்டார்கள். நாங்கள் வருஷக்கணக்காக நிற்கவில்லை. உயிரோடு திரும்பி வந்த வருஷமும் நிற்காவிட்டால் எப்படி. ஹவில்தார் அண்ணாச்சி வரிசையில் முன்னால் நின்றார். பின்னால் திரும்பிச் சொன்னார். பர்மா போகவில்லை என்று சொல்லுங்கள், இன்றைக்கே ரயில் சீட்டு கிடைக்கும். மாப்பிள்ளை கிளார்க்கிடம் அப்படியே சொன்னான். பாய் சொன்னார். மூன்று பேரும் ரயில் ஏறிவிட்டார்கள்.

நான் உண்மையைச் சொன்னேன். யோக்கியன் என்பதால் இல்லை. எனக்கு வயிற்றுப்போக்கு. வரிசையை விட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து கடைசியில் நின்றேன். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பர்மா போனாயா என்று கிளார்க் கேட்டான். போனேன் என்றேன். பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

இப்போது ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். பதில் வந்திருந்தது. அதே கம்பெனியில் இருந்த ஒருவன், தன் புத்தகத்தில் பர்மா எழுதப்பட்டவன், மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் கவனிப்போம். பொய்ச் சத்தியம் என்று தெரிந்தால் சாட்சியின் மெடலையும் புத்தகத்தில் அடித்துவிடுவோம். அவர்கள் ஒருவருக்கு ஒருவர் சாட்சி சொல்ல முடியாது. மூன்று புத்தகத்திலும் ஒரே ஓட்டை. நான் ஒருவன்தான் ஆள்.

மனு எழுதுகிறவர் எழுதி வந்ததை என் காதோரம் வாசித்தார். கிளார்க்கின் கவனக்குறைவால் விட்டுப்போனது என்று இருந்தது.

"நடந்தது அது இல்லையே" என்றேன்.

"நடந்ததை எழுதுததுக்கு மனு எதுக்குவே?" என்றார் அவர்.

என் அருவி வேலையே அந்தப் புத்தகத்தைக் காட்டி வாங்கியது. மெடலை அடித்தால் வேலையும் போகும். அதைச் சொன்னேன். எழுதினால் நடந்ததை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அருவி இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஹவில்தார் அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. அவர் அப்போது பழைய பட்டாளத்துக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி. குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுவார்.

"நான் சொல்லிக்குடுத்தேன்னு எழுதுவியோ? நாளைக்கு எவன்லே எனக்கு சல்யூட் அடிப்பான்?"

பாய் பேசினார்.

"இவங்க சாஸ்தாவுக்காகப் பொய் சொன்னாங்க, சரி. நான் எந்தச் சாஸ்தாவுக்குவே சொன்னேன்? ரயில்ல துணைக்கு ஆளு போகுதேன்னு சொல்லிட்டேன்." என்னைப் பார்த்து, "நீரு அந்த நேரத்துல கக்கூஸுக்குப் போவாம இருந்திருந்தா இன்னைக்கு நமக்குச் சாட்சியே கிடையாது. அல்லா காப்பாத்தினான்" என்றார்.

மாப்பிள்ளை ஒரு சுள்ளியை ஒடித்து ஒடித்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் அந்த நிலம் உயிர். வாரத்துக்கு உழுத வயலை இந்தப் பூ அறுப்போடு விட்டுவிடச் சொல்லியிருந்தார் நிலத்துக்காரர். பாய்க்கு மிஷின் இருந்தது. அண்ணாச்சிக்கு வயல் இருந்தது. அவனுக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

அதற்குள் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. விசில் அடித்துக்கொண்டு ஓடினேன். எண்ணெயோடு நின்ற ஒரு கிழவரைத் தோளில் போட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எல்லாரையும் வெளியேற்றித் திரும்பி வந்தபோது அண்ணாச்சி போய்விட்டார். மனு எழுதுகிறவரும் போய்விட்டார்.

தங்கச்சி வந்தாள். ஈரக் காற்றில் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். சண்டைக்கு வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்பாவுக்குக் கொள்ளி வச்ச கைண்ணே அது."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

என்னை முகாமில் பிடித்து வைத்திருந்தபோது அப்பா இறந்துபோனார். நான் ஒரே மகன். பங்காளிகளோடு கிணற்றுச் சண்டை. ஒருத்தனும் வரவில்லை. உத்திரம் முடிந்து நாலாம் நாள் அது. ஊரில் மாப்பிள்ளை இருந்தான். அப்போது அவனுக்கும் என் தங்கச்சிக்கும் கல்யாணப் பேச்சுக்கூட இல்லை. தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றான். கொள்ளி வைத்தான். அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவனும் என்னோடு முகாமில் இருந்திருப்பான். என் அப்பாவை யார் எரித்திருப்பார்களோ.

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அருவிக்கும் பக்கத்துக் கோயிலுக்கும் நடந்தேன். கோயிலுக்கும் அருவிக்கும் நடந்தேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு அடிக்க மறந்தேன். ஓவர்சியர் திட்டினார். விடுமுறை நாளில் தென்காசிக்கு நடந்து போனேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று போனேன். பாதி வழியில் திரும்பினேன். மறுபடி போனேன். பாய் கடை வாசல் வரை போய்விட்டு உள்ளே போகாமல் வந்தேன். பாய் உள்ளிருந்து பார்த்திருக்கிறார். அடுத்த தடவை போனபோது, "செருப்பு தேயுது ஓய், உள்ள வாரும்" என்றார்.

மாப்பிள்ளை தினமும் காலையில் அருவிக்கு வருவான். குளிக்க மாட்டான். கேட்க மாட்டான். கொஞ்ச நேரம் நிற்பான். உட்காருவான். எழுந்துவிடுவான். நிலத்துக்கு லிஸ்ட் எழுதுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் போகத் திரும்பினவன் நின்றான்.

"மச்சான், நடந்ததையே எழுதிருவோம். பொய் சொன்னது நான். நான் சொன்னேன்னே எழுதட்டும்."

"சரி."

"ஜெயில்ல போட்டுருவானோ?"

"தெரியாது."

அவன் தலையை ஆட்டினான்.

இலஞ்சிக்கு நான் போனேன். அண்ணாச்சி களத்தில் நெல் காயப்போட்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்தது நீங்கள் என்று எழுதவில்லை, நீங்களும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், உங்களுக்கும் சேர வேண்டியதுதானே என்றேன். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே இருந்தார். களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எனக்கு வேண்டாம் என்றார். பிறகு, தன் பேர் அதில் வந்தால் என்னை மனுஷனாக மதிக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

மனு எழுதுகிறவர் புதிதாக எழுத மறுத்தார். இப்படி எழுதி எவன் கொடுப்பான் என்றார். பாய் அவருக்கு ஒரு சட்டை சும்மா தைத்துத் தருவதாகச் சொன்ன பிறகு எழுதினார். உத்திரத்துக்கு ஊர் போய்ச் சேர வேண்டி, முன்னால் நின்ற ஒருவர் சொன்னபடி, பர்மா போகவில்லை என்று நாங்களே சொன்னோம் என்று எழுதினார். கீழே என் சாட்சி. இவர்கள் இருவரும் என்னோடு பர்மாவில் இருந்தார்கள். நான் பார்த்தேன்.

மாஜிஸ்திரேட் சின்ன வயதுக்காரர். முழுதும் படித்தார். மறுபடி மேலே இருந்து படித்தார். மாப்பிள்ளை காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். பெஞ்சு ஆடியது. நான் என் காலால் அவன் காலை மிதித்துக்கொண்டேன்.

அந்த முன்னால் நின்ற ஒருவர் யார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

பாய் மேலே பார்த்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான்.

"பேரு வேண்டாங்கய்யா. அவரு தனக்குன்னு கேக்க வரல" என்றேன்.

அவர் என் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மெடல் பக்கத்தைப் பார்த்தார். பங்குனி உத்திரத்துக்கு உங்கள் சாஸ்தா எங்கே என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். அவன் சொன்னான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

பிறகு காத்திருந்தது ஒரு வேலை. சீசன் முடிந்தது. ஐப்பசி மழை வந்தது. வயலை மாப்பிள்ளை விட்டுக் கொடுத்தாயிற்று. செங்கோட்டைப் பக்கம் லாரியில் மூட்டை ஏற்றப் போனான். போகும்போதும் வரும்போதும் தபால்காரரை மறித்துக் கேட்பான். அவர் இவனைக் கண்டாலே தூரத்தில் இருந்தே கையை விரிப்பார். என்னிடமும் ஒருநாள் ஓவர்சியர் வந்து, பட்டாளத்து ஆபீசில் இருந்து உன்னைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், என்ன செய்தாய் என்றார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். அந்த வருஷம் உத்திரத்துக்கு மாப்பிள்ளை சாஸ்தா கோயிலுக்குப் போனான். பொங்கல் பொங்கும்வரை நிற்கவில்லை. தபால் வந்துவிடுமோ என்று திரும்பி வந்துவிட்டான். அன்று தபால் லீவு.

சித்திரை கடைசியில் ரிஜிஸ்தர் தபால் வந்தது. இரண்டு பேருக்கும். புத்தகத்தில் பழையதைக் கோடு போட்டு அடித்து, சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கூடவே அட்டைப் பெட்டியில் மெடல். மாப்பிள்ளை பெட்டியைப் பிரிக்கவில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டைகூடப் போடாமல் தென்காசி தாலுகா ஆபீசுக்கு ஓடினான். பாய் தன் மெடலை மிஷினுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். துணி கொடுக்க வருகிறவர்களிடம் ஜப்பான்காரன் கதை சொல்ல ஆரம்பித்தார். அதில் பாதி எனக்குத் தெரியாத கதை.

ஹவில்தார் அண்ணாச்சி என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்.

தாலுகா ஆபீசில் முதல் லிஸ்ட் முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் லிஸ்டில் மாப்பிள்ளையை முதலிலும் பாயை அடுத்ததாகவும் போட்டார்கள். மலையடியில், ஓடைக்கு மேல் பக்கம், பாறை விழுந்த ஒரே இடம்தான் மிச்சம் இருந்தது. சர்வேயர் சங்கிலி போட்டு அளந்தார். மாப்பிள்ளை சங்கிலியோடு கூடவே ஓடினான். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் அவர்களை முந்திக்கொண்டு ஓடினான். பாறையை விட்டுவிட்டு அளக்க வேண்டும் என்று சர்வேயரோடு சண்டை போட்டான். அவர் விட்டுத்தான் அளந்தார். தங்கச்சி முள்ளுக்குள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு என்று என்னைக் கேட்டாள். சர்வேயரிடம் கேட்டுச் சொன்னேன்.

ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்.